முப்பத்தாறு வாசகர்கள்

அன்புள்ள மனைவிக்கு,

கோபம் தீர்ந்ததோ இல்லையோ, முழங்கால் வலி தீர்ந்ததா? நான் நலம்.

இணையத்தில் எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணித்தான் இந்த ஆய்வகத்தில் வேலையை நீட்டிக்கிறார்கள். மூளையின் மறதி பற்றிய என் கட்டுரைக்கு நாற்பத்தொரு பேர். நேற்று இயக்குநர் கூப்பிட்டார்.

"இதுல முப்பத்தாறு ஒரே போன்ல இருந்து வந்திருக்கு. ஆள் வச்சு அமுக்குறீங்களா?"

"வீட்டுக்காரி சார்."

"அவங்களுக்குப் புரியுதா?"

"என்னையே புரியலை சார். கட்டுரையா புரியப்போகுது?"

அவர் சிரிக்கவில்லை. முப்பத்தாறையும் கழித்துவிட்டார். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்.

உன் தம்பியைத் திட்டினேன் என்று நீ பேச்சை நிறுத்தியும் முப்பத்தாறு நாள்தான். திட்டியது திட்டியதுதான். ஆனால் தினமும் காலையில் அந்த எண் ஒன்று கூடி, நீ எழுந்துவிட்டாய் என்று தெரிந்த பிறகுதான் பல் துலக்கினேன்.

இனி அந்தக் கட்டுரையைத் திறக்காதே, என் வேலை போய்விடும். எழுந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம்.

அவசரம், அழைக்கிறார்கள்.

உன் வீட்டுக்காரன்