பெயரைக் கேட்காமல் வந்தேன்

கிள்ளான்,
14.9.2024

அன்புள்ள வாசு,

நான் நலம். வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலம் என்று நேற்று கிளினிக்கில் சொன்னார்கள். இருபத்தொன்பது வாரம் ஆகிவிட்டது. சரவாக் பக்கம் கடலில் காற்று பலம் என்று செய்தியில் காட்டினார்கள். எண்ணெய் மேடையில் எல்லாரும் பத்திரமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் சாப்பிட்டியா என்று கேட்கிறீர்கள், நான் சாப்பிட்டேன் என்கிறேன். அத்துடன் லைன் போய்விடுகிறது. போகாத நாளிலும் நமக்கு அதற்கு மேல் பேச்சு வருவதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் பெற்றோராகப் போகிறவர்களுக்கு வகுப்பு நடக்கிறது என்றேனே, மூன்று சனிக்கிழமையாகப் போகிறேன். கொமுட்டர் ரயிலில் உட்கார இடம் கொடுக்கிறார்கள், கவலை வேண்டாம். வகுப்பில் எட்டு ஜோடிகள், நான் மட்டும் தனி. நடத்துகிற உஷாராணி ஓய்வுபெற்ற தாதி. குழந்தையைக் குளிப்பாட்டுவதெல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம், முதலில் மனசு தயாராகட்டும் என்பார். முதல் நாள் இது எத்தனையாவது பிள்ளை என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது முதல் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அந்த முகங்களை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ரயிலில் ஷா ஆலம் வரும்வரை அழுதேன். எட்டு மாதம் சுமந்தவளை இல்லை என்று சொல்லிவிட்டேனே.

அவள் போன பிறகு நாம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தொட்டிலைப் பிரித்து யாருக்கோ கொடுத்துவிட்டு, மூன்றாவது வாரமே நீங்கள் வேலைக்குப் போய்விட்டீர்கள். இவருக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்றரை வருடமாக உங்கள் மேல் கோபமாகவே இருந்தேன். இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு சட்டைகூட வாங்கவில்லை. பயம். உதை கொஞ்சம் குறைந்தாலும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் செய்ததைக் கேட்டால் திட்டுவீர்கள். உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். கிராப் கார் பிடித்து இடுகாட்டுக்குப் போனேன். அவளை அடக்கம் செய்த அன்று என்னை வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நீங்களும் உங்கள் அண்ணனும்தான் கொண்டுபோனீர்கள். அவள் எந்தப் பக்கம் படுத்திருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. வயிற்றுப்பிள்ளையோடு உள்ளே போக எனக்கும் துணிச்சல் வரவில்லை. கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றேன். உள்ளே புல் வெட்டிக்கொண்டிருந்த காவலாளி ஜெயராஜ் பார்த்துவிட்டு வந்து, யாரைத் தேடுறீங்க என்றார். போன வருடம் மார்ச் மாதம், பெண் குழந்தை, அப்பா பெயர் வாசு என்றேன்.

கையிலிருந்த மெஷினை அவர் கீழே வைத்துவிட்டார்.

“லீவுல வந்தா ஏர்போர்ட்ல இருந்து நேரா இங்கதான் வருவாரு லா, பேக்கோட. நான் செய்யறேன்னா விடமாட்டாரு, புல்லெல்லாம் அவரே புடுங்குவாரு. ஒரு மணி நேரம் ஏதோ பேசிட்டு இருப்பாரு. வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு வரலையான்னு கேட்டேன், தங்கச்சி. அவ இப்பதான் கொஞ்சம் சிரிக்கிறா அண்ணே, நான் கெடுக்க வேணாம்னாரு.”

ஒவ்வொரு முறையும் விமானம் தாமதம் என்று சொன்னீர்கள் வாசு. சோற்றைச் சூடாக்கி வைத்துவிட்டு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் உள்ளே வராமல் பின்பக்கக் குழாயில் ரொம்ப நேரம் கை கழுவுவீர்கள். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நீங்கள் வருத்தப்படக் கூடாது என்றுதான் மறுநாளிலிருந்து லீவு முடியும்வரை நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதுவும் உங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

அங்கே நீங்கள் ஒரு சின்னப் பலகை நட்டு அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறீர்களாம். நாம் பெயரே வைக்கவில்லையே. சொல்லட்டுமா என்று கேட்டார் ஜெயராஜ்.

“வேணாம் அண்ணே. அவரே சொல்லட்டும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று வகுப்பில் வாழ்க்கைத் துணைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்றார் உஷாராணி. நான் எழுந்து, முதல் நாள் பொய் சொன்னேன், இது எனக்கு இரண்டாவது பிள்ளை என்றேன். செந்தூலிலிருந்து வரும் லோகன் எப்போதும் கேலி பேசுகிறவர். அவர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதார். மற்றவர்கள் அங்கேயே எழுதி மாற்றிக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். திங்கள் மலேசியா தினம், லீவு; செவ்வாய்க்கிழமை உங்கள் மீரி ஆபீஸ் முகவரிக்குப் போஸ்ட் செய்வேன்.

அடுத்த மாதம் எட்டாம் தேதி நீங்கள் லீவில் வரும்போது முப்பத்து மூன்றாவது வாரம் நடக்கும். அவளை இழந்தது அதற்கு அடுத்த வாரத்தில்தான். அந்த வாரத்தை என்னால் தனியாகக் கடக்க முடியாது. ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொல்ல வேண்டாம். அது உங்களுக்கும் தெரியாது. பக்கத்தில் இருங்கள், உங்களுக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள், அது போதும்.

ஏர்போர்ட்டிலிருந்து வழக்கம்போல அங்கே போங்கள். எவ்வளவு நேரமானாலும் அவளோடு பேசிவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். வந்ததும் அவள் பெயரை என்னிடம் சொல்லுங்கள். தன் அக்காவின் பெயர் தெரியாமல் இந்தப் பிள்ளை பிறக்க வேண்டாம்.

கடல் உங்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பட்டும்.

உங்கள்,
தாமரை