பனிக்கு அடியில் புல்

அக்டோபர் 5
இன்று புல்தரையில் துளை போட்டேன். அதற்கான இயந்திரம் பக்கத்து வீட்டு டுவேனிடம் இருக்கிறது. என் புல்லைவிடத் தன் புல் மேலானது என்று பல வருடங்களாகச் சத்தமில்லாமல் நம்பி வருபவன்.

"எடுத்துக்கோ வாத்தியாரே, சும்மாதானே கிடக்கு" என்றான். வேண்டாம் என்றேன்.

"அட, எடுத்துக்கோய்யா." பரவாயில்லை என்றேன்.

"பெட்ரோல்கூட ஊத்தி வெச்சுட்டேன்." எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் டுலூத்தில் பிறந்தவர்கள் எதையும் மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் ஏற்றுக்கொள்வோம். முதல் தடவையே சரி என்பவன் சிகாகோவிலிருந்து வந்தவனாக இருப்பான்.

தரை முழுக்க இப்போது விரல் நீள மண் உருளைகள். பெரிய வாத்துக் கூட்டம் ஒன்று விருந்து முடித்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி. வேருக்கு மூச்சு விட இடம் கிடைக்குமாம்.

அக்டோபர் 9
தோரா போன் செய்தாள். ஆகஸ்டில் "கொஞ்ச நாள்" என்று தங்கை வீட்டுக்குப் போனவள் இன்று பியானோவைப் பற்றிப் பேசினாள். நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாள் முடிந்த சனிக்கிழமை ஆட்களோடு வந்து எடுத்துப்போகிறாள்.

திரும்பி வர நினைப்பவள் பியானோவை எடுத்துப்போவாளா?

"தாராளமா" என்றேன். முப்பத்தொரு வருடத் திருமணத்துக்கு என் பங்களிப்பு பெரும்பாலும் இந்த ஒரு சொல்தான்.

அக்டோபர் 10
எதற்காக இந்தப் புல் என்று எனக்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு குளிர்காலமும் பின்பக்கப் புல்தரையில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து ஸ்கேட்டிங் களம் போடுவேன். முதலில் தெருப் பிள்ளைகளுக்கு. அவர்கள் வளர்ந்து போன பிறகு பழக்கத்துக்கு. ஏப்ரலில் பனி உருகும்போது நடுவில் ஒரு செத்த செவ்வகம் மிஞ்சும். தோரா சமையலறை ஜன்னலில் நின்று சொல்வாள்: "உன் ஐஸ் என் புல்லைக் கொன்னுடுச்சு."

அவள் போனது அதற்காக அல்ல. போகும்போது சொன்னது வேறு. "உங்கிட்ட எதைச் சொன்னாலும் அழகா ஒரு வாக்கியம் திரும்பி வருது, ஹால்வர். பதில் மட்டும் வர்றதே இல்ல."

வாக்கியத்தை எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. புல்லைச் சரிசெய்யலாம், அதற்கு உரப் பை விற்கிறார்கள். அவள் கிளம்பிப் போன வாரமே அந்தச் செவ்வகத்தில் விதை போட்டேன். இப்போது அதன் எல்லை எனக்கே தெரியவில்லை.

ஆகவே இந்த வருடம் ஐஸ் கிடையாது. அவள் வருவாள், ஜன்னல் வழியே பச்சையைப் பார்ப்பாள், கோட்டைக் கழற்றினாலும் கழற்றுவாள். கோட்டைக் கழற்றினால் காபி. காபி என்றால் உட்காருவாள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அக்டோபர் 18
கடைசி உரம். மேலே வளர்ச்சி நின்ற பிறகும் வேர் மட்டும் கமுக்கமாகச் சாப்பிட்டு வசந்தத்துக்குச் சேர்த்து வைக்குமாம். உரப் பையின் பின்பக்கத்தில் இப்படி என் தகப்பனார் வழி உறவினர் அனைவரைப் பற்றியும் எழுதியிருக்கிறது.

அக்டோபர் 26
இலைகள். பாதி டுவேனின் மேப்பிள் மரத்துடையவை. புல்வெட்டியை மேலே ஓட்டித் தூளாக்கினேன்.

காட்டரிசி சூப் வைத்தேன். கை இன்னும் இரண்டு பேருக்குத்தான் அளக்கிறது. நாளைக்கும் அதே சூப்.

நவம்பர் 2
கடைசி வெட்டு. நீளமாக விட்டால் பனிக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும், எலி குடித்தனம் வைக்கும். ஒட்ட வெட்டினால் குளிரில் கருகும். இரண்டரை அங்குலம் உத்தமம். தோராவின் தையல் நாடாவை வைத்து மண்டியிட்டு அளந்துகொண்டிருந்தேன்.

"என்னய்யா, புல்லுக்குச் சட்டை தைக்கப் போறியா?" வேலிக்கு அந்தப் பக்கம் டுவேன்.

"இந்த வருஷம் ஐஸ் போடல."

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்புறம் டிசம்பர்ல நாம என்னத்தப் பேசிக்கறது?"

நாடாவைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

நவம்பர் 3
குழாய்களை வடித்துச் சுருட்டினேன். பனி தள்ளும் வண்டி புல்லில் ஏறாமலிருக்கப் பாதையோரம் கம்பங்கள் நட்டேன்.

நவம்பர் 12
ஓரத்தில் மெலிந்திருந்த இடங்களில் விதை தூவினேன். இதற்குக் காலம் முக்கியம். மண் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இப்போது முளைத்தால் செத்துவிடும். ஏப்ரல் வரை ஒன்றும் செய்யாமல் கிடக்க வேண்டும். இந்த விஷயத்தில் விதைக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

நவம்பர் 20
இவ்வளவு பச்சை இந்தத் தெருவில் எவர் வீட்டிலும் இல்லை. ஆனால் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஜன்னலில் நின்று பார்த்தால் என் முகம்தான் தெரிகிறது.

நவம்பர் 27
நன்றித் திருநாள். விருந்துக்கு டுவேன் இரண்டு தடவைதான் கூப்பிட்டான். போகவில்லை. வான்கோழிக் கால் ஒன்றை வாட்டிச் சாப்பிட்டேன். வானம் தாழ்ந்து கிடக்கிறது. ஒரே ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?

நவம்பர் 28
பொறுக்கவில்லை. முழங்கால் ஆழத்துக்குப் பனி. புல் எங்கே முடிகிறது என்று கம்பங்களை வைத்துத்தான் சொல்ல முடிகிறது.

மண்வாரியோடு இறங்கி, ஜன்னலுக்கு நேரே ஒரு சதுரம் அகற்றினேன். பச்சை தெரிந்தது. டுவேன் வேலிமேல் சாய்ந்து பார்த்தான். நான் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் பெய்துகொண்டிருந்த பனி சதுரத்தை மூடிவிட்டது.

நவம்பர் 29
பியானோ போய்விட்டது. ஆட்கள் அதை வண்டியில் கட்டும்போது தோரா ஜன்னலில் நின்றாள். கோட்டுடன்.

"ஐஸ் போடலையா?"

"இல்ல. புல்லுக்காக."

"எந்தப் புல்லு?"

"அடியில இருக்கு. நல்லாயிருக்கு."

வெள்ளையையே பார்த்தபடி சொன்னாள்: "நான் இங்க வாசிச்சுக்கிட்டிருப்பேன், நீ வெளிய ஸ்கேட்ல சுரண்டிக்கிட்டிருப்பே. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்."

"சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதே இல்லையே."

காபி போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். ஒரு வாய் குடிச்சுட்டுப் போயேன் என்றேன். "பரவால்ல, ஆளுங்க காத்திருக்காங்க."

மூன்றாவது தடவை கேட்க வாய் திறந்தேன். அந்த நேரம் பார்த்து நல்ல வாக்கியம் ஒன்று வந்தது. இனி இந்த வீட்டில் சுருதி சேராதது நான் ஒருவன்தான் என்றேன். கடைக்காரரிடம் சிரிப்பதுபோலச் சிரித்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 30
கேட்டிருக்கலாமே. காபி, ரெண்டே எழுத்து — அதைச் சொல்றதுக்கு என்ன கேடு எனக்கு? என்ன பெரிய வாக்கியம்? யாருக்கு வேணும் அது?

டிசம்பர் 2
மண்வாரியை வைக்கக் கார் ஷெட்டுக்குப் போனேன். ஆணியில் தோராவின் ஸ்கேட் காலணிகள் இல்லை. ஆகஸ்டில் போனபோது விட்டுப்போயிருந்தாள், சனிக்கிழமை எடுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தமா? இல்லை, வேறு அர்த்தமா?

டிசம்பர் 6
புல்தரையில் பனியை மிதிக்க ஆரம்பித்தேன். மிதித்துக் கெட்டியாக்கினால்தான் தண்ணீர் நிற்கும். கொஞ்ச நேரத்தில் டுவேன் வேலி தாண்டி வந்து மறுமுனையிலிருந்து மிதித்தான்.

"புல்லு?"

"சாகட்டும்."

"அப்பாடா" என்றான்.

சுருட்டி வைத்த குழாயைப் பிரித்தேன்.

டிசம்பர் 13
ஒரு வாரமாக, ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலம். ஐஸ் தாங்குகிறது. டுவேனையும் தாங்குகிறது, ஆகவே யாரையும் தாங்கும்.

டிசம்பர் 14
தோராவைக் கூப்பிட்டேன்.

"காபி குடிக்க வர்றியா?" என்றேன். "அன்னிக்கு ரெண்டு தடவை கேட்டேன். இது மூணாவது."

எனக்கு ஒரு வாக்கியம் வந்தது. நல்ல வாக்கியம். விழுங்கிவிட்டேன்.

"ஐஸ் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"தொந்தரவு இல்லன்னா வர்றேன்" என்றாள்.

இந்த ஊரில் இதைவிட உரக்க யாரும் சம்மதித்ததில்லை.

டிசம்பர் 20
சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காபி இன்னும் பொங்கவில்லை. எதிர் நாற்காலியில் அவள் கோட்டு கிடக்கிறது. வெளியே, ஐஸின் மேல், என் கம்பளிச் சட்டையோடு அவள் நிதானமாகச் சுரண்டும் சத்தம். பியானோ இருந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று கேட்க வேண்டும்.

அடியில் புல் செத்துக்கொண்டிருக்கும்.