பங்குக்குக் கீழே ஸ்பிரிங் உண்டா?

மார்ச் 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் நாலு வரியாவது படி.

போன ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில், பேப்பரில் உன் படத்தைப் பார்த்தேன். ‘உங்கள் சேமிப்பு, உங்கள் கேள்வி’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே உங்கள் கம்பெனி முகவரியும் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி போட்டிருக்கிறாய். எப்போதிலிருந்து என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். “தலையில இருக்கிறதே நாலு முடி, அதுக்கு இலவசமா பேப்பர் வேறயா?” என்று கடைக்காரர் கிண்டல் பண்ணினார். என் பொண்ணு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

நீ போன் நம்பரை மாற்றி ஆறு வருடம் ஆகிறது. வீடு எங்கே என்றும் தெரியாது. கிடைத்த முகவரி இது ஒன்றுதான். அம்மா விஷயத்தில் உன் கோபம் ஆறவில்லை என்று தெரியும். ஆற வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஊரில் உள்ளவர்களின் லிஃப்ட்டையெல்லாம் ரிப்பேர் பார்த்தவன், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவிடுகிறேன். மற்றபடி நல்லா இருக்கேன்.

ஒரு வரி எழுது.

உன் அப்பா

&nbsp;

மார்ச் 14

மதிப்பிற்குரிய ஐயா,

இது நான் வேலை செய்யும் இடம். இங்கே வரும் கடிதங்களை முதலில் பிரித்துப் படிப்பது வேறொருவர். சொந்த விஷயங்களை எழுத வேண்டாம்.

சேமிப்பு, பங்கு, ஓய்வுக்காலப் பணம் பற்றிக் கேள்விகள் இருந்தால் எழுதலாம். எல்லோருக்கும் எழுதுவதுபோல் உங்களுக்கும் பதில் எழுதுவேன்.

இப்படிக்கு,
ஆலோசகர், கேள்வி பதில் பிரிவு

&nbsp;

மார்ச் 20

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

எழுதலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுவே பெரிசு.

ஓய்வு பெற்றபோது கம்பெனியில் மொத்தமாகக் கொடுத்த பணம் வங்கியில் சும்மா கிடக்கிறது. அதைப் பங்கில் போடலாமா? என்னோடு வேலை பார்த்த எலக்ட்ரீஷியன், “எல்லாத்தையும் ஒரே கம்பெனியில போடு, ரெண்டே வருஷத்துல டபுள்” என்கிறான். அவன் மாற்றிய ஃபியூஸே ஒரு வாரம் தாங்காது, இதை நம்பலாமா? டிவிடெண்ட் என்கிறார்களே, அது வட்டி மாதிரியா? மார்க்கெட் விழுந்தால் என்ன செய்ய வேண்டும்?

இப்போதைக்கு இவ்வளவுதான். இன்னும் நிறைய யோசித்து வைக்கிறேன்.

தங்கள் வாடிக்கையாளர் (ஆகப் போகிறவர்)

&nbsp;

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய ஐயா,

எலக்ட்ரீஷியன் சொன்னதைக் கேட்காதீர்கள். ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் போடுவது சூதாட்டம். டிவிடெண்ட் வட்டி அல்ல. லாபம் வந்தால், கொடுக்க மனம் இருந்தால் கொடுப்பார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் நீங்கள் எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். இந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவைப்படும்? ஐந்து வருடத்துக்குள் என்றால் பங்குப் பக்கமே வராதீர்கள். வங்கியிலேயே இருக்கட்டும், நாம் எழுதிக்கொள்ள மேற்கொண்டு எதுவும் இருக்காது. பத்து வருடம் தொட மாட்டீர்கள் என்றால் மேலே பேசலாம். வைத்தியச் செலவு ஏதாவது இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

உண்மையை எழுதுங்கள்.

ஆலோசகர், கேள்வி பதில் பிரிவு

&nbsp;

ஏப்ரல் 6

மேடம் அவர்களுக்கு,

பத்து வருடத்துக்குத் தேவையில்லை. உடம்பு கல்லுக்குண்டு. வைத்தியச் செலவு, தலைவலி மாத்திரை வாங்குவதோடு சரி.

மேலே பேசலாம்.

தங்கள் வாடிக்கையாளர்

&nbsp;

ஜூன் 18

மேடம் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியபடியே பாதிப் பணத்தைப் பல கம்பெனிப் பங்குகளில் பிரித்துப் போட்டு, மீதியை மியூச்சுவல் ஃபண்டில் போட்டுவிட்டேன். உங்கள் கம்பெனியில் கையெழுத்து வாங்கிய பையன் பக்கம் பக்கமாகத் திருப்பினான். நீ எந்த அறையில் உட்கார்ந்திருப்பாய் என்று கண்ணாடிக் கதவு வழியாகத் தேடினேன். மன்னிக்கவும், நீங்கள்.

இன்றைய சந்தேகம் தொழில் சம்பந்தப்பட்டது. லிஃப்ட் ஓடும் குழிக்கு அடியில் பெரிய ஸ்பிரிங் வைத்திருப்போம். லிஃப்ட் தவறிக் கீழே வந்தாலும் அது கொஞ்சம் தாங்கும். பங்குக்குக் கீழே அப்படி ஏதாவது உண்டா?

தங்கள் வாடிக்கையாளர்

&nbsp;

ஜூன் 27

மதிப்பிற்குரிய ஐயா,

இல்லை. பங்குக்குக் கீழே ஸ்பிரிங் கிடையாது. காலம்தான் அந்த வேலையைச் செய்யும். அதனால்தான் பத்து வருடமா என்று கேட்டேன். தினமும் விலையைப் பார்க்காதீர்கள்.

கண்ணாடி போட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. படிப்பதற்கு மட்டும்தான்.

ஆலோசகர்

&nbsp;

செப்டம்பர் 22

மேடம் அவர்களுக்கு,

கண்ணாடி பற்றி எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மார்க்கெட் படுத்துவிட்டது என்று பேப்பர் முழுக்க ஒப்பாரி. என் பங்குகளும் பாதாளத்துக்குப் போய்விட்டன. எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்து, “அண்ணே, தப்பிச்சு ஓடுங்க” என்கிறான். ஓடவா, நிற்கவா?

தங்கள் வாடிக்கையாளர்

&nbsp;

செப்டம்பர் 30

அன்புள்ள ஐயா,

நில்லுங்கள். இப்போது விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடும். நாளைக்கே பணம் வேண்டும் என்பவர்தான் பயப்பட வேண்டும். உங்களுக்குப் பத்து வருடம் இருக்கிறது. அதற்குள் இது ஏறும். ஒன்றைக்கூட விற்காதீர்கள், நான் சொல்கிறேன்.

மழை பெய்கிறதே, அந்த மாடிப்படி வழுக்குமா? பார்த்து ஏறுங்கள்.

சிட்டு

&nbsp;

நவம்பர் 11

சிட்டு,

உன் கையெழுத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். நீ சொன்னபடி ஒன்றைக்கூட விற்கவில்லை. இன்னும் இறங்கிவிட்டது, அது போகட்டும்.

ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன். அவருக்கு நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லை. ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்று டாக்டர் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டாராம். அவருடைய பணமும் பங்கில் மாட்டிக்கொண்டது. அதிக நஷ்டமில்லாமல் வெளியே எடுக்க ஏதாவது வழி உண்டா? எனக்கொன்றும் அவசரமில்லை.

அப்பா

&nbsp;

நவம்பர் 17

அப்பா,

அந்த நண்பர் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாரா?

ஏப்ரலில் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பணம் எப்போது வேண்டும் என்று. அப்போதே உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கல்லுக்குண்டு என்று எழுதினீர்கள்.

அன்றைக்கும் இப்படித்தான். ஹாஸ்டலிலிருந்து தினமும் போன் பண்ணிக் கேட்டேன். “அம்மா நல்லா இருக்கா, நீ வராதே, பரீட்சையை ஒழுங்கா எழுது” என்றீர்கள். கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. கட்டிலைக்கூட மடித்து வைத்துவிட்டீர்கள். அன்று என்னை வெளியே நிறுத்தினீர்கள். இன்று என் கையாலேயே செய்ய வைத்துவிட்டீர்கள். விற்காதீர்கள் என்று எழுதியது நான். ஒவ்வொரு வாரமும் இதே வரியை எத்தனையோ பேருக்கு எழுதுகிறேன், அவர்களில் எத்தனை பேர் என்னிடம் பொய் சொன்னார்கள் என்று யோசித்து இரண்டு நாளாகப் பேனாவை எடுக்க முடியவில்லை.

நஷ்டமில்லாமல் எடுக்க வழி இல்லை. எல்லாவற்றையும் உடனே விற்றுவிடுங்கள். போதாததை நான் புரட்டுகிறேன். மேலே இருப்பது என் வீட்டு முகவரி, இனிமேல் ஆபீசுக்கு எழுத வேண்டாம்.

இப்போது நான் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்? நல்லா இருக்கேன் என்று பதில் வந்தால், அதுதான் உங்களிடமிருந்து நான் பிரித்துப் படிக்கும் கடைசிக் கடிதம்.

சிட்டு

&nbsp;

நவம்பர் 24

சிட்டு,

நான் நல்லா இல்லை.

இவ்வளவு சின்ன வரியை அன்றைக்கு அம்மாவைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் நாற்காலியிலேயே தூங்குகிறேன். கால் வீங்கி, செருப்பு நுழைவதில்லை. முந்தாநாள் எதிர்வீட்டுக்காரர்கள் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கி டாக்டரிடம் காட்டினார்கள். ரொம்பத் தள்ளிப் போட்டுவிட்டேனாம். நெஞ்சு இப்போது ஆபரேஷனைத் தாங்காதாம். அதனால் நீ பணம் எதுவும் புரட்ட வேண்டாம். பங்கு, ஃபண்ட் எல்லாவற்றையும் விற்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். போட்டதில் பாதிகூட வராது. இனிமேல் நான் உங்கள் வாடிக்கையாளர் இல்லை.

உன் மேல் பழி இல்லை. நீ கேட்க வேண்டியதைக் கேட்டாய், நான்தான் பொய் சொன்னேன். ஏப்ரலில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டிருந்தால் கையில் காசு இருந்திருக்காது. காசு இல்லாதவனுக்குப் பங்கைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய். வருடக் கடைசி வரைக்கும் உன் கடிதம் வரட்டும், அதற்கப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் போட்ட கணக்கெல்லாம் அவ்வளவுதான்.

பயமா இருக்கு, சிட்டு. தனியா இருக்க முடியல. அன்றைக்கு உன்னை வராதே என்று சொன்ன அதே ஆள்தான் கூப்பிடுகிறேன். வந்துவிடு.

கதவைத் தாழ் போடுவதில்லை, எழுந்து வந்து திறக்க முடியவில்லை. தட்டிவிட்டு நிற்காதே. தள்ளினால் திறக்கும்.

உன் அப்பா