கேஸ்கெட்டுக்காக ஒரு விண்ணப்பம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்
கார் பங்காருப்பேட்டையைத் தாண்டவில்லை. பானெட்டிலிருந்து ஆவி. பத்து நாளைக்கு முன்புதான் மெக்கானிக் கொர்னேலியஸ் இன்ஜினைப் பிரித்து ஹெட் கேஸ்கெட் மாற்றினார். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டு, பானெட்டின் மேல் கைவைத்து ஜெபமும் செய்து அனுப்பினார். ஜெபத்துக்குத் தனியாக வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

ஆனி அக்காவை ஆட்டோவில் ஏற்றிக் கோலாருக்குக் கொண்டுபோனேன். "அப்பா தங்கச் சுரங்கத்துல எறங்கின கேஜுகூட இப்டி குலுங்கி இருக்காதுடி" என்றாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. தாமதமாகப் போனதால் டயாலிசிஸ் நான்கு மணி நேரத்துக்குப் பதில் மூன்றுதான். இப்படியே வந்தால் அக்காவின் நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

ஆகஸ்ட் 6
காரை இழுத்துக்கொண்டு ஆண்டர்சன்பேட்டையில் கொர்னேலியஸின் கராஜுக்குப் போனேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "வண்டிய இன்னா பண்ணீங்க சிஸ்டர்?"

பெட்ரோல் சரியில்லையாம், ரோடு சரியில்லையாம், லேடீஸ் கிளட்சை மிதித்துக்கொண்டே ஓட்டுவார்களாம். பில் கேட்டேன். நமக்குள் எதற்கு பில் என்றார். ஒரே சர்ச், அவர் கமிட்டி மெம்பர் வேறு. பணத்தைத் திருப்பித் தாருங்கள், வேறு இடத்தில் செய்துகொள்கிறேன் என்றேன்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள கணக்கு தீத்துடறேன் சிஸ்டர்."

நம்பினேன். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள்.

ஆகஸ்ட் 8
டாக்சி. எவ்வளவு என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
கணக்கு தீர்ந்தது.

எங்கள் சபையில் காணிக்கைகளையும் ஜெப விண்ணப்பங்களையும் வாசிப்பவர் டைட்டஸ். தாளில் இருப்பதை முன்கூட்டிப் பார்க்காமல், புள்ளி கமா விடாமல் வாசிப்பார். பெட்டியில் துண்டு போட்டால் போதும். போன மாதம் ஒருவர் மகனுக்கு பெங்களூரில் வேலை கேட்டு, "நைட் ஷிப்ட் இல்லாமல்" என்று எழுதியிருந்ததையும் ஆண்டவரிடம் அப்படியே ஒப்படைத்தார்.

இன்று வாசித்தார்: "கார் நல்லபடியாக ஓடக் கிருபை செய்த தேவனுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை, சகோதரி பியூலா, ஐந்நூறு ரூபாய்."

வாசலில் பலர் கை கொடுத்தார்கள். வேன் வைத்திருக்கும் ஹரோல்ட் மட்டும், உண்மையிலேயே ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். கொர்னேலியஸ் தூணருகே சிரித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் உங்க பேர்ல போட்டேன் சிஸ்டர். ஆண்டவருக்கே குட்த்தாச்சி. அவர்கிட்டயா திருப்பிக் கேப்பீங்க?"

வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்தேன். இனி கார் ஓடவில்லை என்று சொன்னால், சபை நடுவில் நன்றி சொல்லிவிட்டுப் பொய் பேசுகிறேன் என்றாகும். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறில் ஐந்நூறு: நான்கு சதவீதம். தசமபாகத்தில் பாதிகூட இல்லை. ஆண்டவரும் ஏமாந்திருக்கிறார்.

வீட்டில் சொன்னதும் அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு கேட்டாள்: "இன்னிக்கும் ஊமையாத்தான் வந்தியா?"

ஆகஸ்ட் 13
நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்றால் பில் இல்லை. கொர்னேலியஸ் போனை எடுப்பதில்லை. காலர் டியூன் ஒரு கீர்த்தனை. இரண்டு சரணம் மனப்பாடமாகிவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி
டாக்சிக்காரர் கொடியேற்றிவிட்டு, லட்டு தின்றுவிட்டு வந்தார். மறுபடி மூன்று மணி நேரம்தான். அக்காவின் கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. செருப்பு வார் எட்டவில்லை, வெறுங்காலோடு வந்தாள். ஒரு கிண்டல் இல்லை, ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

நான் இன்னா பண்ணிக்கினு இருக்கேன்? சபையில மரியாதையாம் மரியாதை — யாருக்குடி மரியாதை?

ஆகஸ்ட் 16
விண்ணப்பப் பெட்டியில் ஒரு துண்டு போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
டைட்டஸ் ஏமாற்றவில்லை.

"சகோதரர் கொர்னேலியஸ் மாற்றிய ஹெட் கேஸ்கெட் பத்தே நாளில் போய்விட்டபடியால், அவர் வாங்கிய பன்னிரண்டாயிரத்து ஐந்நூறைத் திருப்பித் தர அவர் இருதயம் இளகவும், சகோதரி ஆனி டயாலிசிஸுக்கு நேரத்தோடு போய்ச்சேரவும், சகோதரி பியூலா."

சபை பழக்கத்தில் "ஆமென்" என்றது. எதற்குச் சொன்னோம் என்பது பிறகுதான் உறைத்தது. வெளியே ஹரோல்ட் வந்தார். "என் வேனு கிளட்சும் அவன் கைவண்ணம்தான் மேடம். வெக்கத்துல வெளிய சொல்லல."

ஆகஸ்ட் 20
கொர்னேலியஸ் வீட்டுக்கே வந்தார். எங்கள் ஊரிகத்துக்கு வழி தெரிந்திருக்கிறது.

"வீட்ல சொல்லி இருக்கலாமே சிஸ்டர். கோயில்லயா கேக்கறது?"

"கணக்க ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சது நீங்க, பிரதர். நானும் அங்கதான் கேட்டேன்."

உள்ளே அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் கொடுத்த கவரில் ஒன்பதாயிரம் இருந்தது. மூவாயிரம் கூலிக்காம். மீதி ஐந்நூறு? காணிக்கை போட்டாரே, அது! என் விண்ணப்பம் கேட்கப்பட்டது என்று ஒரு துண்டு போடச் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன் என்றேன். நிம்மதியாகப் போனார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
டைட்டஸ்: "சகோதரி பியூலாவின் விண்ணப்பம் ஒன்பதாயிரம் வரை கேட்கப்பட்டது. மீதிக்காகச் சபையார் தொடர்ந்து ஜெபிக்கவும்."

அடுத்த துண்டு ஹரோல்டின் கிளட்ச். அதற்கடுத்தது யாருடையதோ ஸ்கூட்டர். ஆசீர்வாதம் கூறும் முன்பே கொர்னேலியஸ் எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 25
மீதி மூவாயிரத்து ஐந்நூறை அவர் மனைவி கேட்டுக்கு வெளியே நின்றே நீட்டினார். "இனிமே ஒண்ணும் எழுதிடாதீங்கக்கா." பாவம்தான். ஆனாலும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
புது அறிவிப்பு: இனி விண்ணப்பத் துண்டுகளை ஆயர் பார்வையிட்ட பிறகே வாசிப்பார்களாம். பெட்டிக்குப் பூட்டும் வந்திருக்கிறது. டைட்டஸ் இந்த அறிவிப்பையும் அதே குரலில்தான் வாசித்தார்.

செப்டம்பர் 5, வெள்ளி
பங்காருப்பேட்டை ராஜப்பா வண்டியைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். பில் தந்தார். ஜெபம் செய்யவில்லை. கோலார் வரை சூடு காட்டும் முள் நடுவை விட்டு அசையவில்லை. நான்தான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். "ரோட்டப் பாத்து ஓட்டுடி, அடுத்த விண்ணப்பம் நமக்காயிடப் போவுது" என்றாள் அக்கா. நேரத்துக்கு முன்பே போய்ச்சேர்ந்தோம். முழு நான்கு மணி நேரம்.

இறங்கும்போது குனிந்து, செருப்பு வாரைத் தானே மாட்டிக்கொண்டாள்.