குளிர்காலப் புல்

பிப்ரவரி 11
கடல்நீர் வற்றிய நேரத்தில், என் குத்தகை ஓடையில் சிப்பி வளர்க்கும் கூடைகளைத் திருப்பிப் போட்டேன். மூன்றாம் வருடச் சிப்பிகள், நவம்பரில் எடுத்து விற்கலாம். ராலேயிலிருந்து வந்த கம்பெனி, ஓடையின் மேல்கரையில் பைன் மரங்களை வெட்டி வீட்டு மனை போடுகிறது. மழை பெய்தால் அந்த மண் என் சிப்பிகள் மேல்தான் இறங்கும். இப்போதைக்குக் கரை நெடுகக் கறுப்புத் துணி வேலி மண்ணைத் தடுக்கிறது. தம்பி ஹார்லன் அங்கே புல்டோசர் ஓட்டுகிறான். "உன் சிப்பிக்கு நான்தான்க்கா காவல். சம்பளம் மட்டும் அவங்க தர்றாங்க" என்றான்.

பிப்ரவரி 27
மரம் வெட்டிய மேட்டில் புல் விதைக்கிறார்கள். மண்ணைப் புல் மூடிய பிறகே வேலியை எடுக்கலாம் என்பது மாவட்ட விதி.

மார்ச் 16
மேடு பச்சைப் பசேல். கிட்டே போய்ப் பார்த்தேன் - ரை புல். குளிரில் முற்றம் பச்சையாகத் தெரிய நாங்கள் எல்லாரும் தூவுவது. வெயில் வந்தால் செத்துவிடும்.

"வெயில் தாங்குற பெர்முடா புல் போடலயாடா?"

"இந்தக் குளிர்ல அது எங்கக்கா முளைக்கும்? மே மாசம் இதுக்கு மேலயே தூவிக்கலாம்னு மேனேஜர் சொன்னான்."

"சொன்னான், சரி. செய்வானா?"

"நீ யாரைத்தான் நம்பியிருக்க?"

மார்ச் 20
மாவட்ட ஆய்வாளர் திருமதி பிரூயிட் வந்தார், பச்சையைப் பார்த்தார், கையெழுத்திட்டார். மாலைக்குள் வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியது ஹார்லன்.

மே 30
மேடு வைக்கோல் நிறம். பெர்முடா யாரும் போடவில்லை. கம்பெனி அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது, ஹார்லனும் கூடவே. திருமதி பிரூயிட்டுக்குப் போன் செய்தேன்.

"அந்த ஃபைலை மூடியாச்சும்மா. திரும்பத் திறக்கணும்னா கம்பெனிக்கு நோட்டீஸ் போகணும், அவகாசம் தரணும்."

"மழைக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பிடுங்க" என்றேன். போனை வைத்தேன். நல்ல பெண்மணி. அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

ஜூன் 9
நேற்றிலிருந்து மழை. ஓடை காப்பி நிறத்தில் ஓடுகிறது.

ஜூன் 15
இன்றுதான் இறங்க முடிந்தது. கூடைகள் எங்கே என்றே தெரியவில்லை - முழங்கை வரை சேறு. ஒன்றை இழுத்துக் கழுவினேன். எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நாற்றம்.

ஹார்லன் கேள்விப்பட்டு வந்தான்.

"புல் முளைச்சிருந்துச்சேக்கா. அவங்கதானே பாத்து சரின்னாங்க."

"வெயில்ல அது சாகும்னு உனக்குத் தெரியாதா? இந்த வீட்டு முத்தத்துல வருஷா வருஷம் நீதானேடா தூவுற?"

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான். யார்கிட்டப் போய்ச் சண்டை போடுறது? எல்லாரும் விதிப்படிதான் செஞ்சிருக்காங்க. அவனும்தான். அதைத்தான் தாங்க முடியல.

ஆகஸ்ட் 20
ஓடைக் குத்தகையைத் திருப்பிக் கொடுத்தேன். திங்கள் முதல் கூலிக்கு நண்டுச் சதை எடுக்கும் வேலை.

நவம்பர் 26
நன்றி கூறும் நாள், குடும்பமாகச் சாப்பிடும் நாள். ஜூனுக்குப் பிறகு இன்றுதான் ஹார்லன் வந்தான். வாசலில் நின்றபடி ஒரு பையை நீட்டினான். சிப்பிகள்.

"எந்த ஊருச் சிப்பிடா?"

"வர்ஜீனியா."

வாங்கி, நானே திறந்து, மாவில் புரட்டிப் பொரித்தேன். எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"நம்ம ஓடைச் சிப்பியோட உப்பு இதுல இல்லக்கா" என்றான்.

இல்லைதான். தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டு முடித்தோம்.