பெரியசாமி படத்துக்குப் பின்னால் ஒரு முள்

மச்சான், சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் பெட்ரோல் வாசம் போகவில்லை. சட்டைப் பையில் கொஞ்சம் வெள்ளை டேப் கிடக்கிறது. நீங்கள் சுற்றியது, இன்று காலை நான் பிரித்தது. இதை உங்கள் முகத்துக்கு நேராக நீட்டியிருக்க வேண்டும். அதற்கு இடம் கொடுக்காமல் போய்விட்டீர்கள். எந்தப் பேச்சிலும் தோற்கப்போவது தெரிந்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்துபோகிறவர்தானே நீங்கள்.

அக்கா கூப்பிட்டிருந்தாள். காரை மகளிடம் கொடுக்கப்போவதாகவும், அதற்கு முன்னால் நான் ஒருமுறை பார்த்துவிட்டால் தேவலை என்றும் சொன்னாள். நீங்கள் இல்லாமல்போன பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம். முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறி உங்கள் ஊரான அரியூர் நாட்டுக்கு வந்தேன். பலாமரத்தடியில் கார் நின்றது. டேஷ்போர்டில் நீங்கள் மாட்டியிருந்த மீட்டரைக் காணோம். அந்த இடத்தில் நீங்கள் கும்பிடும் பெரியசாமி படம் ஒட்டியிருந்தது. ஒருவழியாகக் கழற்றி எறிந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். படத்தின் ஓரத்தை நகத்தால் தூக்கியபோது பின்னால் கண்ணாடி பளபளத்தது.

அந்தக் கார் வளைவுகளில் நின்று நின்று உங்கள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று கண்டுபிடித்தவன் நான். பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்கு இஞ்சின் பாடம் நடத்துகிறவன், சொந்த அக்காள் வீட்டு வண்டிக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது? புதுப் பம்ப் வாங்கி வந்து நானே மாட்டினேன். அதன்பின் வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. உங்களுக்குத்தான் நிம்மதி வரவில்லை. சேலத்தில் யாரோ விற்றான் என்று கரண்டில் ஓடும் ஒரு பிரஷர் மீட்டரை வாங்கி வந்து, என்னைக் கேட்காமல் நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். சாவியைத் திருப்பினால் நீலமாக எரியும். முள் மட்டும் கீழேயே கிடக்கும். வளைவில் வண்டி குலுங்கினால் இருக்கிற கொஞ்சமும் விழும்.

மீட்டரைப் பார்க்கிறேன் என்றேன். வண்டி இழுக்கிறதா இல்லையா என்று கேட்டேன்.

"இழுக்கறது என் வண்டியோட நல்ல மனசு மாப்ள. முள்ளு சொல்றது உன் பம்போட லட்சணம்."

முள் பொய் சொல்லலாம், எர்த் சரியாகக் கிடைத்திருக்காது, ஒரு வயரைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். நீங்கள் பானெட்டைத் திறக்கவே விடவில்லை.

"ஏன், மீட்டருக்கும் உனக்கும் பங்காளிச் சண்டையா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்கூடச் சிரித்துவைத்தேன். அடுத்த சந்தை நாளில் செம்மேட்டு டீக்கடையில் அது வேறு உருவம் எடுத்திருந்தது. படித்தவன் மாட்டிய பம்ப் பாதி மலையில் மூச்சு வாங்குகிறதாம். அதற்கடுத்த வாரம், ஏதோ அடிபட்ட வண்டியில் கழற்றியதைத் துடைத்து, புதிது என்று உங்கள் தலையில் கட்டிவிட்டேனாம். இதைச் சொன்னது நீங்கள்தான் என்று எனக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லக்கூடியவர்கள் அல்ல.

அதையும் பொறுத்திருப்பேன். உங்கள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். மாலையும் சேலையும் எடுத்துவைத்துக்கொண்டு, நீங்கள் வந்து முறையாக அழைக்கக் காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. எங்கள் சித்தப்பா மகனைக் கூட்டிப்போய்த் தாய்மாமன் இடத்தில் நிறுத்தினீர்கள். ஏன் என்று கேட்ட பெரியவர்களிடம் நீங்கள் சொன்ன பதில் மலை இறங்கி என் வாசல் வரைக்கும் வந்தது.

"பம்பே பழசு. சீர் மட்டும் புதுசாவா கொண்டாரப்போறான்?"

பந்தலே சிரித்ததாம். அந்தச் சேலை இன்னும் பீரோவில் இருக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் நான் தண்ணீர் குடித்ததில்லை. நாமக்கல் ஆஸ்பத்திரியில் உங்களைப் படுக்கவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, ஒரு வார்த்தை சொல்லியனுப்புவீர்கள் என்று எதிர்பார்த்தேன். போன் வந்தது. நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொல்ல வந்த போன் அது.

இன்று காலை என்னைத் தடுக்க ஆள் இல்லை. வயரே தேவைப்படாத என் கைமீட்டரைப் பெட்ரோல் லைனில் மாட்டி இஞ்சினை ஓடவிட்டேன். எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவு காட்டி அசையாமல் நின்றது. உங்கள் மீட்டரோ வழக்கம்போல் கீழே கிடந்தது. லைன் அழுத்தத்தை மீட்டருக்குச் சொல்லும் சென்சாருக்குப் போகும் வயரைக் கழற்றி இஞ்சின் இரும்பில் தொட்டேன். உங்கள் முள் துள்ளி மறுகோடிக்குப் போனது. ஆக, மீட்டர் நல்லது, வயரும் நல்லது. மிச்சம் இருந்தது, லைனில் திருகியிருந்த கட்டைவிரல் அளவு சென்சார் மட்டும்.

லைனில் இருந்த அழுத்தத்தை இறக்கிவிட்டு அதைக் கழற்றினேன். திருகு மரை தெரியாத அளவுக்கு வெள்ளை டேப்.

மச்சான், மேலே ஊற்றிலிருந்து மிளகுக்கும் வயலுக்கும் குழாய் இழுக்கிறபோது நீங்கள் டேப் சுற்றுகிற அழகை நானே நின்று பார்த்திருக்கிறேன். "சொட்டு விழுந்தா சொந்தக்காரன் சிரிப்பான்" என்று சொல்லிக்கொண்டே சுற்றுவீர்கள். ஊரில் யார் வீட்டுக் குழாய்க்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. இந்தச் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். இரும்போடு இரும்பு ஒட்டினால்தான் அது பேசும். நீங்கள் அதன் வாயைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டு, அது முனகியதைக் கேட்டு என்னைத் திருடன் என்றீர்கள்.

டேப்பை உரித்து, மரையைத் துடைத்து, ஒழுகாமலிருக்க நுனியில் மட்டும் பசை தடவி மாட்டினேன். சென்சாரிலிருந்து பேட்டரிக்குத் தனியாக ஒரு எர்த் வயரும் கொடுத்தேன். சாவியைத் திருப்பியதும் முள் எழுந்து, என் கைமீட்டர் சொன்ன அதே இடத்தில் நின்றது. வண்டியை வளைவு வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. பின்சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்தது நான் மாட்டிய அதே பம்ப். குழாயில் நான் போட்ட கிளிப்கூட மாறவில்லை.

இதற்கு என்ன சொல்கிறீர்கள்? அடிபட்ட வண்டியில் கழற்றிய பம்ப் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், அதையே நம்பித்தான் அக்காவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு இத்தனை வருடம் இந்த மலையை ஏறி இறங்கியிருக்கிறீர்கள். முள் பொய் சொல்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மீட்டரைக் கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் சாமியைக் கொண்டுவந்து அதன்மேல் ஒட்டிவிட்டீர்கள்.

அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன். டேப்பையும் காட்டினேன். அவள் குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதா சாமி? நம்பலீன்னா அந்த வண்டில நான் ஏறியிருப்பனா?"

இதை அன்றைக்குப் பந்தலில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்து பானெட்மேல் வைத்தாள். பிறகு, சீட்டில் நான் உரித்துப் போட்டிருந்த படத்தை எடுத்து முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"அவரு ஒட்டுனது கண்ணு. இருந்த எடத்துலயே ஒட்டிரு."

உங்களை நான் மன்னிக்கவில்லை, மச்சான். அவளையும்தான். காபியைத் தொடவில்லை. ஆனால் படத்தை வாங்கி, ஓரங்களை அழுத்தி, உங்கள் மீட்டர்மேல் ஒட்டிவிட்டுத்தான் மலை இறங்கினேன். முள் இப்போது சரியான இடத்தில் நிற்கிறது, சாமிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல். டேப்பை மட்டும் அக்கா கேட்கவில்லை. அதை நான் கொண்டுவந்துவிட்டேன்.