அவிழ்க்காத மூட்டை

அக்கா,

இன்று காலையில் மழை. ஊசி போடும் அறையின் கதவைத் திறந்ததும் உங்கள் மூட்டையின் வாசனைதான் முதலில் வந்தது. ஈரக் கோணியும் பழைய வேர்க்கடலைத் தூசியும் சேர்ந்த வாசனை. புதிதாக வந்திருக்கும் டாக்டர் மூக்கைச் சுளித்தார். "சிஸ்டர், இது யாரோடது? உள்ள என்ன இருக்கு?" என்றார். தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. இத்தனை காலம் வைத்திருப்பவளுக்கு உள்ளே இருப்பது தெரியாதென்றால் யார்தான் நம்புவார்கள்? "திறந்து பாருங்க. இல்லன்னா வெளியில போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் இருந்திருந்தால், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்று என்னை ஒரு பார்வை பார்த்திருப்பீர்கள்.

திண்டிவனம் மேம்பாலத்தின் கீழே உங்களை முதன்முதலில் பார்த்தபோது, காலில் சுற்றியிருந்த துணியில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. சர்க்கரைப் புண் என்று பார்த்ததுமே தெரிந்தது. சாலையைத் தாண்டினால் எங்கள் சுகாதார நிலையம். "வாங்கக்கா, கட்டுப் போட்டுக்கினு உடனே வந்துடலாம்" என்றேன். நீங்கள் மூட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டீர்கள்.

"வேனு எங்க நிக்கிது?"

"வேனெல்லாம் இல்லக்கா. நடந்துதான் போகணும்."

"இப்பிடித்தான் சொல்லுவீங்க. விழுப்புரம் ஸ்டேஷன் வாசல்ல படுத்துக்கினு இருந்தேன். ஊசி போடறோம், வாங்கன்னு ஏத்தினாங்க. திண்டிவனம் பைபாஸ்ல எறக்கி உட்டுட்டு ஜல்தியா பூட்டாங்க. யாரோ பெரிய மனுசன் வர்றாராம், ஊரு சுத்தமா இருக்கணுமாம். என் மூட்ட ஸ்டேஷன்லியே நின்னுபோச்சு. திரும்பிப் போய்ப் பாத்தா, குப்ப வண்டி வாரிக்கினு பூடுச்சு. இது அப்பறமா சேத்த மூட்ட."

வேனில் வந்தவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லோரும் உங்களுக்கு அந்த வேன்காரர்கள்தான். மாத்திரை கொடுத்தால், "இது தூக்க மாத்திரதான? நான் தூங்கினதும் மூட்டையத் தூக்கிக்கினு போவத்தான?" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளும் வந்தேன். பாலத்தின் கீழேயே உட்கார்ந்து கட்டுப் போட்டேன். கட்டி முடிக்கும்வரை உங்கள் கண் என் கையில் இருந்தது. உங்கள் கை மூட்டையில் இருந்தது.

ஒருநாள் நீங்களாகவே நொண்டிக்கொண்டு எங்கள் வாசல்வரை வந்தீர்கள். வாட்ச்மேன் மறித்தார். "மூட்டையெல்லாம் உள்ள எடுத்தாரக் கூடாது. இங்க வெச்சிட்டுப் போ." அப்படியே திரும்பி நடந்தீர்கள். மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார், மூட்டை வைக்க மட்டும் இடமில்லை. பாலத்தடி ஆட்கள் ஒருவரும் ஏன் எங்களிடம் வருவதில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அப்போதிருந்த டாக்டரம்மாவிடம் சண்டை போட்டேன். நோயாளி உட்காரும் பெஞ்சின் காலடியில், அவர் கண்ணில் படுகிற மாதிரி மூட்டை இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நீங்கள் எல்லோருக்கும் கடைசியாக வந்தீர்கள்.

எனக்கும் சந்தேகம் இல்லாமலில்லை. உள்ளே நகை இருக்கிறது என்று டீக்கடைக்காரர் அடித்துச் சொன்னார். நகர்த்தி வைக்கிற சாக்கில் ஒருமுறை கனம் பார்த்தேன். நீங்கள் அதையும் கவனித்துவிட்டீர்கள்.

அதற்குள் புண் எலும்புவரை போயிருந்தது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வந்தது. மூட்டையை ஏற்ற முடியாது என்றார் டிரைவர். ஏற மாட்டேன் என்றீர்கள். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. நான் வைத்திருக்கிறேன் என்று கெஞ்சினேன். என்னை வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி, மூட்டையின் முடிச்சுக்குள் வைத்து இறுக்கினீர்கள்.

"அவுத்தா இது உழுந்துடும். நான் வந்து பாப்பேன்."

"என்னையுமா அக்கா நம்பல?"

"உன்னத்தான். மத்தவங்களுக்கு முடி எதுக்கு? அவங்ககிட்ட நான் குடுக்கவே மாட்டனே."

அந்த வாரத்துக்குள்ளேயே செய்தி வந்துவிட்டது. உங்களுக்கென்று யாரும் வரவில்லை. நானும் வாட்ச்மேனும்தான் சுடுகாட்டுக்கு வந்தோம். எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது, அக்கா. கொஞ்சம் முன்னாலேயே என்னை நம்பியிருந்தால் கால் போயிருந்தாலும் உயிர் நின்றிருக்கும். ஆனால் அந்த வேன் வராமல் இருந்திருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்கள்.

உங்கள் சந்தேகம் இப்போது என்னைத் தொற்றிக்கொண்டது. லீவு போட்டால் மூட்டையை இங்கே விட்டுப் போவதில்லை. யார் எப்போது சுத்தம் செய்வார்களோ! ஊருக்குப் போகும் விழுப்புரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். "இன்னாம்மா உள்ள?" என்று கண்டக்டர் கேட்டால் அவரையும் ஒரு மாதிரி பார்க்கிறேன்.

இன்று மதியம் மழை விட்டதும் வாசலில் ஒரு பெரியவர் நின்றார். ரொம்ப நாள் இருமல் என்று நெஞ்சைப் பார்த்தாலே தெரிந்தது. தோளில் ஒரு சாக்கு மூட்டை. வாட்ச்மேன் உள்ளே வரச் சொன்னார். அவர் அசையவில்லை.

"எக்ஸ்ரே எடுக்கணும்னா வேற ரூமுக்குப் போவணுமாமே. அப்ப இத இன்னா பண்ணுவீங்க? அவுத்துப் பாக்க மாட்டீங்கன்னு இன்னா கேரண்டி?"

அவரை ஊசி அறைக்குக் கூட்டிவந்து உங்கள் மூட்டையைக் காட்டினேன். முடி வைத்த கதையைச் சொன்னேன். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, முடிச்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நரைமுடி அப்படியே இருந்தது. டாக்டர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா எப்ப வரும்?"

"வந்து பாப்பேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

பெரியவர் தன் மூட்டையை இறக்கி உங்கள் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு தாடியிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினார். அவர் கட்டி முடிக்கும்வரை நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். டாக்டரும் திரும்பிக்கொண்டார்.